கிடாருக்குள் ஒரு சாண் ஒயர்

சென்னையில் பெரம்பூர் பக்கம் கிடாருக்குக் குறைவில்லை. ரயில்வே வேலையை நம்பி இங்கே குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளில் ஒலித்த வாத்தியம், இன்று சர்ச் பாடகர் குழு, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. என் பட்டறைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கம்பியின் உயரத்தைக் குறைக்க, பெயர்ந்த பிரிட்ஜை ஒட்ட, தேய்ந்த ஃபிரெட்டை மாற்ற வருவார்கள். மற்றவர்கள் கிடாரைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: "ஆம்ப்ல போட்டா உர்ருனு இரையுதுண்ணா."

இரைச்சல் என்று யாராவது வந்தால் கையில் இருக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இந்த வேலையில்தான் வாடிக்கையாளரின் பணம் அதிகமாக வீணாகிறது. இரைகிறது என்றதும், பிக்கப்பின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவதற்காகக் கிடாருக்குள் இருக்கும் பிரீஆம்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்துவது ஊர் வழக்கமாகிவிட்டது. என் மேஜைக்கு வந்த கிடார்களில் பெரும்பாலானவற்றில் பிரீஆம்ப் நன்றாகவே இருந்தது. எங்கோ ஓர் எர்த் இணைப்பு விட்டிருக்கும். அல்லது ஷீல்டு ஒயர் ஓட வேண்டிய இடத்தில் வெறும் ஒயர் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது காதும் பொறுமையும். புதுச் சாமான் தேவைப்படுவது அபூர்வம்.

முதலில் அது எந்த வகை இரைச்சல் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது ஒலிக்குள் புகுந்தால் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் கேட்கும். கிடாரின் தடித்த ஆறாவது கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் 'ஜி' 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஜியை மெதுவாக மீட்டி நீள விடுங்கள். இரண்டு ஒலியும் சேர்ந்து விநாடிக்கு இரண்டு தரம் ஏறி இறங்கினால், இரைச்சலில் 100 ஹெர்ட்ஸ் ஓங்கியிருக்கிறது. அப்படியென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையைத்தான். அங்கே இருக்கும் டயோடு பிரிட்ஜிலிருந்து வெளிவரும் அலை 100 ஹெர்ட்ஸ். அதைச் சமன்செய்ய வேண்டிய ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்துபோனால் அந்த அலை அப்படியே ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஏற்ற இறக்கம் இல்லாமல் அடியில் கனமாக உறுமினால் 50 ஹெர்ட்ஸ். எர்த்தையும் ஷீல்டையும் பார்க்க வேண்டும். கரகரவென்று கூர்மையாகக் கேட்டால் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், விளக்கு டிம்மர், சதுர அலை இன்வெர்ட்டர் இவற்றில் ஒன்று அருகில் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போன நேரத்தில் மட்டும் கிடார் கரகரக்கிறது என்றால் குற்றவாளி இன்வெர்ட்டர்தான். சின்ன பிராக்டிஸ் ஆம்பின் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் சரியாக வராது என்பதால் இந்தச் சோதனையை ஹெட்ஃபோன் போட்டுத்தான் செய்வேன்.

எலக்ட்ரோ அக்குஸ்டிக் கிடாருக்கு இரைச்சலே வரக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பில் பாதி நியாயம் இருக்கிறது. எலக்ட்ரிக் கிடாரில் இருப்பது காந்தமும் சுருளும். சுருள் என்றால் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தையும் சேர்த்தே வாங்கும். அதைச் சமாளிக்கத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை உருவாக்கினார். நம் கிடாரில் சாடிலுக்கு அடியில் படுத்திருப்பது பீசோ பிக்கப். அழுத்தினால் மின்னூட்டம் தரும் அந்தக் குணத்தை 1880இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். சுருளே இல்லாததால் காந்தப் புலம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பீசோவிலிருந்து வரும் மின்னோட்டம் மிக மெல்லியது. அது போய்ச் சேரும் இடத்தின் மின்தடை மெகாஓம் கணக்கில் இருந்தால்தான் அடிக்கம்பியின் கனம் கேட்கும். அவ்வளவு உயர்ந்த மின்தடையில் நிற்கும் ஒயர், காந்தப் புலத்தை விட்டுவிட்டாலும் மின் புலத்தை விடாது. சுவருக்குள் ஓடும் 230 வோல்ட், தலைக்கு மேலே தொங்கும் டியூப் லைட், பக்கத்தில் நிற்கும் மனித உடம்பு எல்லாமே அதற்குள் பேசும். அந்தப் பேச்சைத் தடுக்க ஒரே வழி, பிக்கப் முதல் பிரீஆம்ப் வரை ஓர் இடம் விடாமல் எர்த்தோடு சேர்ந்த செம்பு உறை. அந்த உறை எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி.

ஒரு பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பி, இன்ஜினியரிங் மாணவர், கொண்டுவந்த கிடாரைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகப் புரியும்.

"ரெண்டு இடத்துல காட்டிட்டேண்ணா. ஒருத்தர் பிரீஆம்ப் மாத்தினாரு, இன்னொருத்தர் ஜாக் மாத்தினாரு. சத்தம் மட்டும் அப்படியே இருக்கு."

"பேட்டரி எப்ப மாத்தின தம்பி?"

"புதுசுதாண்ணா."

புதிது என்று சொன்னாலும் 9 வோல்ட் பேட்டரியை மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுவேன். பேட்டரி கிளிப்பின் பட்டன் தளர்ந்திருக்கிறதா என்று நகத்தால் அழுத்தியும் பார்ப்பேன். அடுத்தது கேபிள். ஸ்பீக்கருக்கு ஓட்டும் ஷீல்டு இல்லாத கேபிளின் இரண்டு முனையிலும் அதே கால் இஞ்ச் பின் இருப்பதால், பலர் அதைத் தெரியாமல் கிடாரில் சொருகிவிடுகிறார்கள். இந்தத் தம்பியின் கேபிள் சரியானதுதான். என் கேபிளைப் போட்டாலும் இரைந்தது.

"இப்ப வால்யூமை ஜீரோவுக்கு இறக்கு."

இறக்கினார். இரைச்சல் முழுதாக நின்றது. வால்யூமை ஏற்ற ஏற்ற அதுவும் ஏறியது. இந்த ஒரு சோதனைக்கே காசு கொடுக்கலாம். வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் ஜாக், கேபிள், ஆம்ப் மூன்றும் குற்றமற்றவை என்று அது சொல்லிவிட்டது. ஜீரோவில் வைத்தும் இரைந்திருந்தால் கிடாரின் மரத்தையே தொட்டிருக்க மாட்டேன். ஜாக்கை மாற்றியவர் இந்தக் குமிழை ஒருமுறை திருகிப் பார்த்திருந்தால் அந்த ஜாக் அதே இடத்தில் இருந்திருக்கும்.

பிறகு கிடாரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே வட்டமாகச் சுற்றச் சொன்னேன். எந்தத் திசையிலும் மாற்றம் இல்லை. காந்தப் புலமாக இருந்தால் ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் குறைந்திருக்கும். சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கும் பக்கம் நகர்ந்ததும் கூடியது. அடுத்து ஜாக்கின் உலோகத்தை விரலால் தொடச் சொன்னேன். பாதிக்கு மேல் அடங்கியது. அறையில் நிற்கும் மனித உடம்பு வீட்டு மின்சாரத்தின் புலத்தை வாங்கிக்கொண்டு ஓர் ஏரியலாக நிற்கிறது. எர்த்தைத் தொட்டதும் அதே உடம்பு கிடாருக்கு முன்னால் நிற்கும் மறைப்பாக மாறிவிடுகிறது. ஜாக்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால், கிடாருக்குள் ஷீல்டில் எங்கோ ஓட்டை. தொட்டதும் விரலில் சுருக்கென்று குத்துகிறது என்றால் விவகாரமே வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்பிகளைத் தளர்த்தி, சவுண்ட் ஹோலுக்குள் கையை விட்டேன். ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. விரல் பிரிட்ஜுக்கு அடிப்பக்கம் போனபோது சத்தத்தில் மாற்றம் இல்லை. அங்கிருந்து பிரீஆம்ப் பெட்டியை நோக்கி விலாப்பக்கமாக நகர்த்திக்கொண்டே வந்தேன். பாதி வழியில் ஓர் ஒயரை விரல் நெருங்கியதும், தொடுவதற்கு முன்பே, இரைச்சல் குபீரென்று எழுந்தது. விரலை எடுத்தேன், இறங்கியது. மறுபடி கொண்டுபோனேன், எழுந்தது. நல்ல ஷீல்டு ஒயர் விரலுக்கு இப்படிப் பதில் சொல்லாது. பல் டாக்டர் வைத்திருக்கும் வகைக் கண்ணாடி ஒன்று என்னிடம் உண்டு. அதை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பிக்கப்பிலிருந்து வந்த கறுப்பு ஷீல்டு ஒயர் நடுவில் வெட்டப்பட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி, அங்கிருந்து பிரீஆம்ப் வரை ஒரு சாண் நீளத்துக்கு சிவப்பும் கறுப்புமாக வெறும் இரட்டை ஒயர் ஓடியது. புதுப் பிரீஆம்பின் சாக்கெட் பழையது இருந்த இடத்தைவிடத் தள்ளி இருந்திருக்கிறது. ஒயர் எட்டவில்லை. கையில் கிடைத்ததை வைத்து நீட்டிவிட்டார்கள்.

மல்டி மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் பீப் என்று சரியாகவே சொன்னது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டர் இணைப்பு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். அந்த இணைப்பைச் சுற்றி உறை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அந்தத் தம்பி மின்னியல் படிப்பவர் என்பதால் கணக்கையே போட்டுக் காட்டினேன். சுவரில் ஓடும் ஒயருக்கும் கிடாருக்குள் இருக்கும் அந்த ஒரு சாணுக்கும் நடுவில் காற்றுதான். அந்தக் காற்று மிகச் சிறிய கபாசிட்டராக வேலை செய்யும். ஒரு பிக்கோஃபாரட்டில் நூறில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதன் வழியாக வரும் மின்னோட்டம் ஒரு நானோ ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் அது போய் விழுவது மூன்று மெகாஓம் தடையில். கிட்டத்தட்ட 2 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. மெல்ல மீட்டும்போது பிக்கப் தரும் ஒலிக்குப் பக்கத்தில் அது நன்றாகவே கேட்கும். அதே மின்னோட்டம் பிரீஆம்புக்கு அந்தப் பக்கம், தடை குறைவாக இருக்கும் ஜாக் ஒயரில் நுழைந்தால் மைக்ரோவோல்ட்டில் அடங்கிப்போகும். பிரீஆம்புக்கு முன்னால் ஒரு சாணுக்கு இருக்கும் மரியாதை, அதற்குப் பின்னால் மூன்று மீட்டருக்கும் இல்லை.

சரிசெய்வது நுணுக்கமான வேலை. ரிச்சி தெருவில் மெல்லிய ஷீல்டு ஒயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ரப்பர்போல வளைவதையும், உள்ளே செம்புப் பின்னல் நெருக்கமாக இருப்பதையும் பார்த்து வாங்க வேண்டும். பின்னலுக்குப் பதிலாக நாலு நூலைச் சுற்றிவிட்டிருக்கும் மலிவு ஒயர் இதற்கு ஆகாது. இரட்டை ஒயரை வெட்டி எறிந்தேன். வெளி உறையை உரித்து, பின்னலை ஊசியால் கோதிப் பிரித்து, ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டேன். ஒரு நூல்கூட நடுக் கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் கிடார் ஊமையாகிவிடும். ஹீட் ஷ்ரிங்க் குழாய்களை முன்கூட்டியே ஒயரில் கோத்துவைத்தாக வேண்டும். 25 வாட் அயர்ன் போதும். பின்னலில் சூட்டை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் உள் இன்சுலேஷன் உருகி ஷார்ட் ஆகும். பீசோ படலத்தால் செய்த பிக்கப் என்றால் சூட்டைத் தாங்கவே தாங்காது. அதனால் பிக்கப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இணைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இணைப்பேன். நடுக் கம்பியோடு நடுக் கம்பி, மேலே சின்னக் குழாய், அதன் மேல் ஒரு சுற்று செம்பு டேப், டேப்பின் இரு முனையிலும் இரு பக்கத்துப் பின்னலையும் வைத்து ஈயம், கடைசியாகப் பெரிய குழாய். டேப்பைச் சுற்றிவிட்டாலே போதும் என்று நினைக்கக் கூடாது. பல செம்பு டேப்களின் பசை மின்சாரத்தைக் கடத்தாது. ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு பொட்டு ஈயம் வைத்தால்தான் அது உறை.

ஒயரை அப்படியே தொங்க விட்டால் வாசிக்கும்போது பலகையில் தட்டி ஓசை எழுப்பும். அதனால் விலாவோரம் கிளிப் வைத்து ஒட்டினேன். சாடிலை மறுபடி இறக்கும்போது அதன் அடிப்பாகம் பிக்கப்பின் மேல் முழுக்கச் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு மூலை தூக்கினாலும் ஒரு கம்பி சத்தமாகவும் இன்னொன்று மெலிந்தும் கேட்கும். கம்பிகளைச் சுருதி கூட்டி, ஆம்பில் போட்டு, ஹெட்ஃபோனில் கேட்டோம். பிரீஆம்புக்கே உரிய மெல்லிய ஸ்ஸ் மட்டும் இருந்தது. தம்பி ஜாக்கைத் தொட்டும் விட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த வித்தியாசமும் இல்லை.

இந்த இடத்தில் செம்புத் தகடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எலக்ட்ரிக் கிடாரின் குழிக்குள் தகடு ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, அக்குஸ்டிக் கிடாரின் வயிறு முழுக்க ஒட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. அந்த மேல் பலகை அதிர்வதற்காகவே மெல்லியதாக இழைக்கப்பட்டது. அதன் மேல் தகடும் பசையும் ஏற்றினால் கிடாரின் குரல் போய்விடும். உறை தேவைப்படுவது பிக்கப்புக்கும் ஒயருக்கும் மட்டுமே. மரத்தை மரமாக இருக்க விட வேண்டும். இரைச்சலோடு வரும் பல கிடார்களில் ஷீல்டில் ஓட்டையே இராது. கடற்காற்றுக்கு ஜாக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அல்லது எண்ட்பின் ஜாக்கின் நட் தளர்ந்து, கேபிளோடு சேர்ந்து ஜாக்கும் சுற்றிச் சுற்றி, உள்ளே எர்த் ஒயர் முறுகி அறுந்திருக்கும். சில நேரம் டிரை சோல்டர்: பார்க்கப் பற்றியதுபோல் இருக்கும், இழுத்தால் கையோடு வரும். நட்டை மாதத்துக்கு ஒருமுறை இறுக்கிக்கொண்டாலே பாதிப் பேர் என் பட்டறைக்கு வர வேண்டியிருக்காது.

சில வாரம் கழித்து அதே தம்பியிடமிருந்து ஃபோன். "வீட்ல சுத்தமா இல்லண்ணா. சர்ச்சுல மட்டும் வருது. நீங்களே வந்து பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

ஒத்திகை நேரத்தில் போனேன். முதல் வேலையாகக் கிடார் கேபிளை ஆம்பிலிருந்து உருவினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. கிடாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஆம்பின் லைன் அவுட்டிலிருந்து மிக்சருக்குப் போகும் கேபிளை உருவியதும் நின்றது. ஆம்புக்கு மேடையோரம் ஒரு சாக்கெட், மிக்சருக்குக் கூடத்தின் பின்பக்கம் வேறொரு சாக்கெட். இரண்டிலும் எர்த் உண்டு. இரண்டையும் நீளமான ஆடியோ கேபிளின் ஷீல்டு சேர்த்ததும் எர்த்துக்கு இரண்டு வழி ஆகி, அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் சுற்றத் தொடங்கிவிட்டது. மேடைக்காரர்கள் கிரவுண்ட் லூப் என்று சொல்வது இதைத்தான்.

"பிளக்ல பெரிய பின்னை எடுத்துட்டா போயிடும்னு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் சொன்னாருண்ணா. பேஸ் ஆம்புக்கு அப்படித்தான் பண்ணிட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பேஸ் ஆம்பின் மூன்று பின் பிளக்கில், மேலே இருக்க வேண்டிய பெரிய பின் இல்லை. டெஸ்டரை பேஸ் கிடாரின் கம்பியில் வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது. பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் பெண்ணிடம் கேட்டேன். "மைக்ல வாய் பட்டா சில நேரம் சுள்ளுனு இழுக்கும் அண்ணா, பழகிடுச்சு" என்றார்.

பழகிக்கொள்ளக் கூடாத விஷயம் அது. எர்த் இல்லாத ஆம்பின் உலோக உடம்பு, உள்ளே இருக்கும் வடிகட்டிக் கபாசிட்டர்கள் வழியாக 100 வோல்ட்டுக்கு மேல் மிதக்கலாம். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அப்போது சுள்ளென்பதோடு முடிகிறது. உள்ளே ஏதாவது ஒரு இன்சுலேஷன் பழுதானால் முழு 230 வோல்ட்டும் அந்த உடம்புக்கு வரும். எலக்ட்ரிக் கிடாரின் கம்பியும் பேஸின் கம்பியும் பிரிட்ஜ் வழியாக அந்த உடம்போடு இணைந்தவை. கை கம்பியில், உதடு எர்த்தான மைக்கில் என்றால் மின்சாரம் போகும் வழி நெஞ்சுதான். ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில், மேடையிலேயே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தன் வீட்டில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். இரைச்சல் இல்லாத மேடைக்காக யாரும் உயிரை வைக்க வேண்டியதில்லை.

பேஸ் ஆம்புக்குப் புதுப் பிளக் போட்டுக் கொடுத்தேன். கிடார் ஆம்புக்கும் மிக்சருக்கும் நடுவே, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை வைத்து, அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினேன். வளையம் அறுந்தது, இரைச்சல் போனது, இரண்டு பக்கமும் மின்சாரத்தின் எர்த் அப்படியே இருந்தது. பேஸுக்கும் ஒன்று வாங்கச் சொன்னேன். அறுக்க வேண்டியது ஆடியோ கேபிளின் ஷீல்டை. மின்சாரத்தின் எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. ஒரு டிஐ பாக்ஸின் விலை, தேவையில்லாமல் மாற்றிய பிரீஆம்பின் விலையைவிடப் பெரிதாக இருக்காது.

வாசிக்கிறவர்களுக்கும், அவர்களை வாசிக்க விடுகிற சர்ச், சபா, கல்யாண மண்டபப் பொறுப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பெரிய பின் உடைந்த பிளக்கோ, மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரோ மேடையில் கண்ணில் பட்டால் அன்றைக்கே அகற்றுங்கள். மேடைக்கு மின்சாரம் வரும் பெட்டியில், மின்கசிவு கண்டதும் கரண்டை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும், மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும். சித்திரை வெயில் தொடங்கும் முன் அந்தக் குழியைத் தேடிக் கண்டுபிடித்து, வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.